வாசல் திறக்கும் முன்னே மாத்திரையின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்

வேலந்தாவளம் பக்கத்தில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி மூன்றரை வருடமாக விய்யூர் மத்திய சிறையில் இருக்கிறார். அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வெளியே வருகிறார். உள்ளே மனநலத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாராம், என்ன மாத்திரை என்று அவருக்கே தெரியவில்லையாம். வந்த பிறகு எங்கே காட்டுவது, பாலக்காடா கோயம்புத்தூரா? ஆஸ்பத்திரியில் ஜெயில் விஷயத்தைச் சொல்ல வேண்டுமா? அம்மா ஒரு கோயிலில் கொண்டுபோய் கொஞ்ச நாள் வைத்திருக்கலாம் என்கிறாரே, சரியா? ராத்திரியில் ஏதாவது செய்துகொண்டால் மறுபடியும் போலீஸ் கேஸ் ஆகுமா?

நான் பாலக்காடு மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிகளில் இருபது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவள். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் மாதம் ஒருமுறை வந்து பார்க்கும் நாளில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்த வரிசையில் ஜெயிலில் இருந்து வந்தவர்களும் நிற்பார்கள். அதை வைத்துச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது எல்லாமே அவர் வெளியே வந்த பிறகு செய்ய வேண்டியது. ஆனால் பாதி வேலையை அவர் உள்ளே இருக்கும்போதே முடிக்க வேண்டும். ஒருவர் வந்தார், நாற்பது வயதிருக்கும். பிளாஸ்டிக் கவரில் ஆறேழு மாத்திரை. அட்டையைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்திருந்ததால் ஒரு துண்டில்கூட முழுப் பெயர் இல்லை. "காலைல வெள்ளை ஒண்ணு, ராத்திரி மஞ்சள் ஒண்ணு, சின்னது ஒண்ணு அம்மணி" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அவர் மேல் தப்பில்லை. ஜெயிலில் மாத்திரையை அன்றன்றைக்குக் கையில் கொடுத்து முன்னால் நிற்க வைத்து விழுங்கச் சொல்வார்கள். சேர்த்து வைத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி. அதில் நியாயம் உண்டு, ஆனால் பல வருடம் சாப்பிட்டவருக்கும் பெயர் தெரியாமல் போகிறது. வெள்ளை மாத்திரை என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் ஒன்றும் புரியாது. அந்த மனிதருக்கு மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தோம். சரியான அளவு பிடிபட இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் அவர் வீடு பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அதனால் அடுத்த முறை தம்பியைப் பார்க்கப் போகும்போது ஜெயில் சூப்ரண்டுக்கு ஒரு மனு எழுதிக் கொண்டு போங்கள். கேரள ஜெயில்களில் வெல்ஃபேர் ஆபீசர் என்று ஒருவர் இருப்பார், அவரிடம் கொடுத்தால் வேலை சீக்கிரம் நகரும். மனுவில் மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, இதுவரை கொடுத்த சிகிச்சையின் சுருக்கம்: நோயின் பெயர், மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை நாளாக, ஊசி ஏதாவது போடுகிறார்களா, கடைசி ஊசி என்றைக்கு. இரண்டு, வெளியே அனுப்பிக் காட்டியிருந்தால் அந்தச் சீட்டுகளின் நகல். விய்யூரில் இருப்பவர்களைத் திருச்சூர் அரசு மனநல மையத்துக்கோ மெடிக்கல் காலேஜுக்கோ கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம், அங்கே ஒரு ஓபி நம்பர் இருக்கும். மூன்று, வெளியே வரும் அன்று இரண்டு வாரத்துக்காவது மாத்திரை, அட்டையை வெட்டாமல்.

இதை ஏதோ தயவு கேட்பது போல நினைத்துக் கூச வேண்டாம். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25வது பிரிவு, தன் சிகிச்சைப் பதிவுகளைப் பார்க்க நோயாளிக்கு உரிமை தருகிறது. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளும், சிறைக்குள் தொடங்கிய சிகிச்சை வெளியிலும் தொடரும்படி ஏற்பாடு வேண்டும் என்கின்றன. காசநோய், எச்ஐவி, போதைப் பழக்கம் மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. மனுவில் இந்தச் சட்டப் பிரிவை ஒரு வரி எழுதினால் போதும், தாள் மேசையில் தூங்காது.

தம்பி இப்போதே இன்னொன்றும் செய்யலாம். வெள்ளைத்தாளில், "என் சிகிச்சை விஷயத்தில் என் அக்கா என் சார்பில் பேசலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதே சட்டப்படி நீங்கள் அவருடைய நியமனப் பிரதிநிதி. ரேகை வைத்தாலும் செல்லும், முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம். நாளைக்கு அவர் பேசவே முடியாத நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த ஒரு தாள் உங்களுக்குப் பெரிய பலம்.

மனுவை மலையாளத்தில்தான் எழுத வேண்டுமா என்று நினைப்பீர்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு இதில் தனி வழி வைத்திருக்கிறது. சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் வர வேண்டும். கொழிஞ்சாம்பாறை பஞ்சாயத்து ஆபீசில் இதைச் சொல்லிப் பார்க்கலாம். விய்யூர் நம் பகுதியில் இல்லை, அவசரமும் இருக்கிறது. அதனால் ஜெயில் மனுவை மட்டும் பள்ளிக்கூட டீச்சர் யாரையாவது பிடித்து மலையாளத்தில் எழுதி வாங்குங்கள். உரிமைச் சண்டையை வேறொரு நாள் போடலாம்.

அடுத்து, நீங்கள் எழுதாத ஒரு விஷயம். "வெளியே வருகிறார்" என்கிறீர்கள். தண்டனை முடிந்தா, ஜாமீனிலா, பரோலிலா? இது தெரியாமல் பாலக்காடா கோயம்புத்தூரா என்று சொல்ல முடியாது. தண்டனை முடிந்திருந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஜாமீன் என்றால் உத்தரவை ஒரு வரி விடாமல் வாசியுங்கள். "மாநிலத்தை விட்டுப் போகக் கூடாது" என்று நிபந்தனை இருந்தால் உங்கள் வீட்டில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தமிழ்நாடு அவருக்கு வெளிநாடு மாதிரி. எல்லையில் இருக்கிற நமக்கு இது உறைப்பதே இல்லை. டீ குடிக்க அந்தப் பக்கம் போய்விட்டு வருகிறவர்கள் நாம். ஆனால் நீதிமன்றத்துக்கு டீக்கடைக் கணக்கு தெரியாது. ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டிய கிழமையும் கிளினிக் கிழமையும் ஒன்றாக விழுந்து, ஒன்றை விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். சிகிச்சைக்காக நிபந்தனையை மாற்றித் தரும்படி நீதிமன்றத்தில் கேட்கலாம். வக்கீலுக்குக் காசில்லை என்றால் சித்தூரில் தாலுகா சட்டப் பணிக் குழு இருக்கிறது (ஆந்திரச் சித்தூர் இல்லை, நம் சித்தூர்). 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள், பணம் கிடையாது.

எல்லை தாண்டத் தடை ஏதும் இல்லை என்றால் என் யோசனை: முதல் ஆறு மாதமாவது பாலக்காட்டுப் பக்கமே இருங்கள். கோயம்புத்தூர் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மோசம் என்று சொல்லவில்லை. அங்கே மனநலப் பிரிவு உண்டு, பேச்சும் தமிழ். ஆனால் அவருடைய பழைய சீட்டுகள் எல்லாம் கேரளத்தில் இருக்கின்றன. மாதாமாதம் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும் மாவட்ட மனநலத் திட்டத்து கிளினிக் நம் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கே வருகிறது, எந்த நாள் எங்கே என்று சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரியில் கேட்டால் சொல்வார்கள். இங்கே குடும்பாரோக்ய கேந்திரம் என்று மாற்றிய ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வைப் பார்க்க 'ஆஸ்வாசம்' என்ற கிளினிக்கும் நடக்கிறது. வீட்டுக்கு வரும் ஆஷா ஊழியர் உங்கள் ஊர்க்காரர், ஒரு மாதம் வரவில்லை என்றால் தேடி வருவார். கேரள ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டில் சேரவும் முடியாது. படுக்கையில் சேர்த்துப் பார்க்க வேண்டி வந்தால் இங்கே கேரள அரசின் சிகிச்சைக் காப்பீடான காருண்ய ஆரோக்ய சுரக்ஷா அட்டை உதவும். தம்பியின் பெயர் ரேஷன் கார்டில் இன்னும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கார்டு என்ன நிறமாக இருந்தாலும் சரி, கார்டே இல்லாவிட்டாலும் சரி, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அரசு மனநல சிகிச்சை முழுக்க இலவசம் என்று அந்த 2017 சட்டம் சொல்கிறது.

மொழி பயப்படும் அளவுக்குச் சிக்கல் இல்லை. பாலக்காட்டில் பெரும்பாலான டாக்டர்களுக்குத் தமிழ் புரியும், நர்ஸுகளுக்கு இன்னும் நன்றாகவே புரியும். ஆனால் மனதில் இருப்பதைச் சொல்வதும் காய்ச்சலைச் சொல்வதும் ஒன்றில்லை. "நெஞ்சு படபடன்னு அடிக்குது, எதுலயும் பிடிப்பில்லை" என்பதை அரைகுறை மலையாளத்தில் சொல்ல முயன்றால் பாதி விழுங்கிவிடுவார். தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். புரிகிற மொழியில் விளக்கம் கேட்பது சட்டப்படியே அவர் உரிமை.

நடுவில் இரண்டு ஊரிலும் மாறி மாறிக் காட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். எல்லைக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. இங்கே ஒரு டாக்டர், பொள்ளாச்சியில் ஒரு டாக்டர், கோயம்புத்தூரில் யாரோ சொன்ன ஒரு டாக்டர். ஒரே மாத்திரை மூன்று கம்பெனிப் பெயரில் வீட்டில் சேர்ந்து, மூன்றையும் விழுங்கி, தூக்கத்தில் வாய் கோணி வந்த ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறேன்.

இனி முதல் இரண்டு வாரம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளில் இருந்து விடுதலையான 30,237 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் அபாயம் மற்ற மக்களைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் மேலே. பெரிய காரணம் போதை மருந்தை அளவுக்கு மீறி எடுத்தது. அவர்கள் ஊர் வேறு, நம் ஊர் வேறு, அந்தக் கணக்கை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனால் காரணம் உடம்பு சம்பந்தப்பட்டது, அது எல்லோருக்கும் ஒன்றுதான். மூன்று வருடம் தொடாமல் இருந்தால் உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. மனதோ பழைய அளவையே ஞாபகம் வைத்திருக்கிறது. வெளியே வந்த அன்றே கூட்டாளிகள் தென்னந்தோப்பில் விருந்து வைப்பார்கள். சித்தூர் தாலுகாவில் கள்ளுக்குப் பஞ்சமா? முன்பு இரண்டு பாட்டில் தாங்கியவர் அதே இரண்டு பாட்டிலைக் குடிப்பார். அதோடு ராத்திரி தூக்க மாத்திரையும் போட்டால் மூச்சே மெல்ல அடங்கிவிடலாம். அவருக்குக் கஞ்சா, மாத்திரை, ஊசி என்று எந்தப் பழக்கம் இருந்திருந்தாலும் இதை முகத்துக்கு நேரே சொல்லுங்கள். "குடிக்காதே" என்று அறிவுரை சொன்னால் காதில் ஏறாது. "பழைய அளவு இப்ப உன்னைக் கொன்னுடும்" என்றால் ஏறும். குறட்டை வினோதமாக மாறி, எழுப்பினால் எழவில்லை என்றால் தூங்கட்டும் என்று விட வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான். பழக்கத்தை விடுவதற்கு 14446 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. கேரளத்தில் எக்சைஸ் துறையின் விமுக்தி மையங்களிலும் சேரலாம்.

இன்னொரு ஆபத்து மாத்திரையை நிறுத்துவது. "வெளியே வந்தாச்சு, இனி எனக்கு என்ன நோய்?" என்று பலர் முதல் வாரத்திலேயே தூக்கிப் போடுகிறார்கள். வலிப்பு மாத்திரையையும் சில தூக்க மாத்திரைகளையும் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும். லித்தியம் (மனநிலை ஏறி இறங்கும் நோய்க்குத் தரும் மாத்திரை) என்றால் சட்டென்று நிறுத்தினாலும் கெடுதல், ரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடர்ந்தாலும் கெடுதல். பங்குனி வெயிலில் தோட்ட வேலைக்குப் போய் வியர்த்துக் கொட்டி, தண்ணீர் குடிக்காமல், மேல்வலிக்கு மெடிக்கலில் ஏதோ வலி மாத்திரை வாங்கிப் போட்டால் லித்தியம் உடம்பில் ஏறி விஷமாகிவிடும். குளோசபின் (மனச்சிதைவு நோய்க்குத் தரும் மாத்திரை) என்றால் இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போன பிறகு பழைய அளவிலேயே மறுபடி ஆரம்பிக்கக் கூடாது, டாக்டர் மிகச் சின்ன அளவில் இருந்து ஏற்றுவார். இப்போது புரிகிறதா, நான் ஏன் மாத்திரையின் பெயரையே பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்று?

மனது விஷயத்துக்கு வருகிறேன். தம்பி வந்ததும் நீங்கள் நினைத்த தம்பியாக இருக்க மாட்டார். ஜெயிலில் ராத்திரி முழுக்க விளக்கு எரியும், அதனால் இருட்டில் தூக்கம் வராது. சாயங்காலமே சாப்பாடு முடிந்துவிடும், எட்டு மணிக்கு நீங்கள் இலை போட்டால் பசிக்காது. வீட்டிலேயே கதவைத் தாண்ட யாராவது சொல்ல வேண்டும் என்று காத்து நிற்பவர்கள் உண்டு. பின்னால் யாராவது வந்தால் திடுக்கிடுவார். கல்யாணத்துக்கு வா, காவடிக்கு வா என்று கூப்பிட்டால் மூலையில் போய் உட்கார்ந்துகொள்வார். இதில் நிறைய சில வாரத்தில் தானாகவே சரியாகும். நச்சரிக்காதீர்கள், சின்ன விளக்கு ஒன்றை எரிய விடுங்கள், சாப்பாட்டைக் கொஞ்சம் முன்கூட்டிப் போடுங்கள். மூன்று நாலு ராத்திரி தொடர்ந்து தூக்கமே இல்லை, சாப்பாட்டைத் தள்ளுகிறார், காதில் குரல் கேட்கிறது என்கிறார், நீங்கள் விஷம் வைத்ததாகச் சந்தேகப்படுகிறார் என்றால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் பாலக்காடு ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செத்துவிடலாம் என்று நினைக்கிறாரோ என்ற சந்தேகம் வந்தால் நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்பது தப்பு, கேட்டால் பாரம் குறையும். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். நம் பக்கம் வீட்டுத் திண்ணையிலேயே அது இருக்கும். மாத்திரையும் மொத்தமாக அவர் கையில் வேண்டாம், வாரக் கணக்கில் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

போலீஸ் கேஸ் பயம் பற்றிக் கேட்டீர்கள். ஒரு தடவை உள்ளே போய் வந்த வீட்டில் இந்தப் பயத்தினாலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டில் வைத்து வாந்தி எடுக்க வைக்கிறார்கள். தற்கொலை முயற்சிக்குத் தண்டனை தந்த பழைய 309வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அதற்கு முன்பே 2017 மனநலச் சட்டத்தின் 115வது பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து போலீசுக்குத் தகவல் போகலாம், ஒரு போலீஸ்காரர் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போகலாம். அதைக் கண்டு பயந்து படுக்கையில் இருந்து எழுப்பிக் கொண்டுவந்துவிடாதீர்கள். பணம் இல்லை, கேஸ் இருக்கிறது என்று அவசர நேரத்தில் எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்பக் கூடாது. உயிரைக் காப்பதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம் என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது.

ஜெயில் விஷயத்தைச் சொல்ல வேண்டுமா? சீட்டு எழுதும் கவுண்டரில் வேண்டாம். பெயர், வயது, ஊர் போதும். பின்னால் நிற்பவர் உங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பாவாக இருப்பார், எங்கள் ஆஸ்பத்திரி வரிசை அப்படிப்பட்டது. டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு சொல்லுங்கள், மறைக்காதீர்கள். எந்த மாத்திரை, எத்தனை நாள், அடிபட்டாரா, நெருக்கடியான பாரக்கில் இருந்தாரா, ஊசிப் பழக்கம் இருந்ததா என்பதெல்லாம் டாக்டருக்குத் தேவை. மனநல நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்களுக்குச் சட்டக் கட்டாயம். எந்தக் கேஸ் என்று கேட்டால் சொல்லாமல் இருக்கலாம், சிகிச்சைக்கு அது அநேகமாக வேண்டியதில்லை. இதில் எனக்கு ஒரு கசப்பு உண்டு. நான் வேலை பார்த்த இடம் ஒன்றில் ஒருவருடைய ஓபி சீட்டின் மேலேயே சிவப்பு மையில் "ஜெயில்" என்று எழுதியிருந்தார்கள். அந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் வரவே இல்லை. அப்படி யாராவது எழுதினால் வேறு சீட்டு போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள், சத்தம் போட்டே கேட்கலாம்.

உடம்பையும் ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிடுங்கள். நெருக்கமாக அடைந்து கிடந்த இடத்தில் இருந்து வருகிறார், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை கட்டாயம். உள்ளேயே காசநோய் மருந்து ஆரம்பித்திருந்தால் நிக்ஷய் எண் (அரசின் காசநோய்ப் பதிவு எண்) ஒன்று தந்திருப்பார்கள். அந்த எண் இருந்தால் மருந்து நம் ஊர் ஆஸ்பத்திரிக்கே மாறிவிடும், சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பர் வரை அது 500ஆக இருந்தது. ஊசிப் பழக்கமோ உள்ளே பச்சை குத்திக்கொண்டதோ இருந்தால் எச்ஐவி, மஞ்சள் காமாலையின் பி, சி வகை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றுக்கும் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், சி வகை பெரும்பாலும் மூன்று மாதத்திலேயே குணமாகிறது. அப்புறம் சொறி. சிரிக்காதீர்கள், ஜெயிலில் இருந்து வருகிறவர்களிடம் நான் அதிகம் பார்த்தது அதுதான். அவருக்கு மட்டும் மருந்து தடவினால் போகாது, வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் தடவி, மறுநாள் துணி, போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் போட வேண்டும்.

அம்மாவின் யோசனை. சாமி கும்பிடட்டும், நேர்ந்துகொள்ளட்டும், தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்த் திருநீறு போட்டு வரட்டும். ஒரு குறையும் இல்லை. ஆனால் அங்கேயே விட்டுவிட்டு வருவது கூடாது. ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்கா பக்கத்து மனநலக் காப்பகத்தில், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடிகாலை தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப்போனார்கள். அவர்களையும் சொந்தக்காரர்கள்தான் நல்லது நினைத்து விட்டுவிட்டு வந்தார்கள். மனநலம் குன்றியவரைச் சங்கிலியால் கட்டுவதை இன்றைய சட்டம் எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது. போதை மறுவாழ்வு மையம் என்று போர்டு போட்டு வெளிக் கதவைப் பூட்டி வைக்கும் இடங்களும் எல்லைக்கு இரண்டு பக்கமும் உண்டு. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், தினம் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். மூன்றரை வருடம் பூட்டின இடத்தில் இருந்தவரை மறுபடியும் பூட்டின இடத்தில் விட்டால் உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

மருந்தோடு வேலையும் வேண்டும். பாலக்காடு சிவில் ஸ்டேஷனில் (கலெக்டர் ஆபீஸ் வளாகம்) மாவட்ட புரொபேஷன் அலுவலகம், அதாவது நன்னடத்தை அலுவலகம், இருக்கிறது, சமூக நீதித் துறையின் கீழ். தண்டனை முடித்து வந்தவர்கள் சொந்தத் தொழில் தொடங்க அங்கே உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கேரளத்தில் நவம்பர் 15ஐ புரொபேஷன் நாளாக அனுசரிக்கிறார்கள். வி. ஆர். கிருஷ்ணய்யர் பிறந்த நாள் அது. 1915இல் பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர், 1948இல் தானே ஒரு மாதம் போல ஜெயிலில் இருந்தவர், 1957இல் சிறைத் துறைக்கும் அமைச்சரானவர், பிறகு உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்து கைதியும் மனுஷன்தான் என்று எழுதியவர். புரொபேஷன் ஆபீசில் யாராவது முகத்தைச் சுளித்தால் அவர் பெயரை ஞாபகப்படுத்துங்கள். ஒரு எச்சரிக்கை: மாத்திரை ஆரம்பத்தில் மந்தமாக இருக்கும். கோயம்புத்தூர்ப் பட்டறையிலோ மில்லிலோ மெஷின் வேலை, நைட் ஷிஃப்ட் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லி மாத்திரை நேரத்தை மாற்றி வாங்குங்கள். நோய் நீண்ட நாளாக இருந்து வேலை செய்ய முடியாத அளவுக்குப் போனால், 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி மனநோய்க்கும் சான்றிதழ் உண்டு. 40 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் அரசின் உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரு எண் எழுதிக்கொள்ளுங்கள், 14416. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் இருந்து நடக்கிறது, ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. மொழியைக் கேட்கும்போது தமிழைத் தேர்ந்தெடுங்கள். அவருக்காக மட்டும் இல்லை, உங்களுக்காகவும் கூப்பிடலாம். கேரளத்து 1056லும் மனநலம் பற்றிப் பேசலாம்.

கடைசியாக, நீங்கள் எழுதிய தேதியைக் காலண்டரில் பார்த்தேன். அவர் வெளியே வரும் வெள்ளிக்கு மறுநாள் இரண்டாம் சனி, அதற்கு மறுநாள் ஞாயிறு. அரசு அலுவலகம் எதுவும் திறக்காது, மனநல டாக்டரும் அநேகமாக இருக்க மாட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலுக்கு வெளியே நின்று மாத்திரை தரவில்லையே என்று தேடினால் திங்கள் வரை ஒன்றும் நடக்காது. அதனால் மனுவை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு வாசலில் அவரைக் கண்டதும் அழுகை, கட்டிப்பிடிப்பு எல்லாம் முடியட்டும், ஆனால் பஸ் ஏறும் முன்னே கவரைப் பிரித்து அட்டையில் பெயர் இருக்கிறதா, இரண்டு வாரத்துக்கு எண்ணிக்கை வருகிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அங்கேயே திரும்பிப் போய்க் கேளுங்கள். அன்றைக்கு ராத்திரி மாத்திரையை எத்தனை மணிக்கு உள்ளே கொடுப்பார்களோ அதே மணிக்குக் கொடுங்கள். செவ்வாய்க்கிழமைக்குள் அவரைச் சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், கிளினிக் நாள் வேறாக இருந்தாலும் பரவாயில்லை. சீட்டில் பெயர் ஏறினால் போதும், மருந்து தீர்வதற்குள் அடுத்த தேதி கிடைத்துவிடும்.